தாலி கட்டும் இடத்தில் நிற்கும் ரெக்கார்டர்

"வீட்டில் இருக்கிற கல்யாண வீடியோ கேசட்டையெல்லாம் டிவிடியில் ஏற்ற ஒரு ரெக்கார்டர் வாங்கட்டுமா, இல்லை டெக்கைக் கணினியோடு இணைத்துப் படத்தை ஏற்றுகிற அந்த யூஎஸ்பி குச்சியே போதுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. என்னிடம் இருப்பது 160 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் டிவிடி பர்னரும் சேர்ந்த தனிப் பெட்டி. அண்மையில்தான் லேசர் மாற்றினேன். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. கீழே சொல்கிற வியாதி அந்தக் காலத்து ரெக்கார்டர்கள் பலவற்றுக்கும் பொது.

முதலில் வயிற்றெரிச்சல். கேசட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராவார். திடீரென்று படம் நின்று, "இதைப் பதிவு செய்ய அனுமதி இல்லை" என்று திரையில் ஒரு வரி வரும். யாருடைய அனுமதி? அது உங்கள் வீட்டுக் கல்யாணம்.

காரணம் மேக்ரோவிஷன். சினிமா கேசட்டைக் காப்பி எடுக்காமல் தடுக்க 1985 முதல் சேர்க்கப்பட்ட பூட்டு அது. நம்மூர் டிவி முறையான பால் (PAL) முறையில் ஒரு ஃபிரேமுக்கு 625 வரி. அதில் 576 வரியில்தான் படம் இருக்கும். மிச்ச வரிகளில் சிலவற்றில் வேண்டுமென்றே அளவுக்கு மீறிய பிரகாசத் துடிப்புகளைச் செருகிவிடுவார்கள். காப்பி எடுக்கும் டெக் அதைப் பார்த்துத் தன் சிக்னல் அளவைத் தப்பாகத் திருத்திக்கொண்டு, படத்தை இருட்டாக்கும், வெளுக்கவைக்கும். டிவிடி ரெக்கார்டரோ அந்தத் துடிப்பு மாதிரி எதைப் பார்த்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தேய்ந்த டேப்பில் அதே வரிகளில் இரைச்சல் இருக்கும். ரெக்கார்டருக்கு இரைச்சலும் பூட்டும் ஒன்றுதான்.

அது ஏன் சரியாகத் தாலி கட்டும் இடத்தில் நிற்கிறது? காரணம் ராசி அல்ல, தேய்மானம். கேசட்டில் வீட்டார் அதிகம் பார்த்தது அந்த ஒரு நிமிடத்தைத்தான். "நிறுத்து நிறுத்து, சித்தி எங்கே நிற்கிறா பாரு" என்று பாஸ் போட்டதும் அங்கேதான். பாஸில் டேப் நகராது, ஆனால் டேப்பைப் படிக்கும் உருளையான ஹெட் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்று, ஒரே இடத்தில் உரசல். மூன்று மணி நேர டேப்பில் காந்தப்பூச்சு முதலில் உதிர்வது அங்கேதான். இருபது வருடம் கழித்து ரெக்கார்டர் முரண்டு பிடிப்பதும் அங்கேதான்.

இதற்கு வைத்தியம் உண்டு, ஆனால் வரிசை மாறக்கூடாது. பதிவைத் தொடங்கும் முன் கேசட்டைக் கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுருள் தளர்ந்தால் இழுவை சீராகும். அடுத்து ஹெட் சுத்தம். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த வழவழப்பான வெள்ளைத்தாள் துண்டை டிரம்மின் மேல் லேசாக வைத்து, டிரம்மைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். தாள் அசையக்கூடாது, டிரம்தான் சுற்ற வேண்டும். பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம். நூல் ஹெட்டில் மாட்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், அத்தோடு டெக் கதை முடிந்தது. மூன்றாவது, ஹெட்டை டேப்பின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங்கைத் தானியங்கியில் விடாமல் கையால் நகர்த்திப் பார்ப்பது. இரைச்சல் பட்டை எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம். நான்காவது, டெக் மெனுவில் நீலத்திரை வசதியை அணைப்பது. அது ஓடினால் சிக்னல் கொஞ்சம் பலவீனமானதும் டெக்கே படத்தை வெட்டி நீலத்தைக் காட்டும், அதை ரெக்கார்டர் விசுவாசமாகப் பதிவு செய்யும். இத்தனைக்கும் மசியவில்லை என்றால் வேறு டெக்கில் போடுங்கள். ஒரு டெக்கில் நிற்கும் கேசட் இன்னொன்றில் நிற்காமல் ஓடுவது சகஜம். கடைசி வழி, நடுவில் ஒரு முழு ஃபிரேம் டிபிசி, அதாவது சிக்னலின் நேரத்தைத் திருத்தும் பெட்டி. ஒவ்வொரு ஃபிரேமையும் நினைவகத்தில் வாங்கி, புது ஒத்திசைவு போட்டு வெளியே விடும். நல்லது இன்றைக்குக் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் ரெக்கார்டரை விட விலை அதிகம்.

எதுவும் நடக்கவில்லை என்றால் முரட்டு வழிதான். ஹார்ட் டிஸ்க்கில் பதிவு செய்யுங்கள், நேராக டிஸ்க்கில் வேண்டாம். நின்ற இடத்திலிருந்து அரை நிமிடம் பின்னால் போய், டெக்கை ஓடவிட்டு, படம் நிலைத்த பிறகு ரெக்கார்டை அழுத்துங்கள். இரண்டு துண்டும் கொஞ்சம் மேலே மேலே விழும், பிறகு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடி-ஆரில் நேராக எழுதினால் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு தனித் தலைப்பாக டிஸ்க்கிலேயே தங்கிவிடும்.

இவ்வளவு திட்டியாயிற்று. இப்போது அதே பெட்டியில் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஒன்று.

கல்யாண கேசட்டில் மணமேடையின் இரண்டு பக்கமும் கட்டிய வாழைமரத்தைக் கவனியுங்கள். டெக்கிலிருந்து நேராக மலிவான யூஎஸ்பி குச்சிக்குக் கொடுத்தால், மரத்தின் மேல்பகுதி புயலில் மாட்டியது மாதிரி ஒரு பக்கம் வளைந்து ஆடும். டேப் நீண்டிருக்கிறது, அல்லது பதிவான டெக்கின் இழுவைக்கும் ஓடுகிற டெக்கின் இழுவைக்கும் வித்தியாசம். அதனால் ஒவ்வொரு வரியும் தொடங்க வேண்டிய நேரம் கொஞ்சம் முன்பின்னாகிறது. ஹெட் மாறும் இடத்தை ஒட்டி, ஃபிரேமின் உச்சியில் இது அதிகம். பழைய குழாய் டிவி இதைச் சமாளித்துக்கொள்ளும். டிஜிட்டலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. குச்சி சில ஃபிரேம்களைத் தவறவிடும், விட்டதும் படம் முன்னே ஓடும், ஒலி பின்தங்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தவிலில் கை இறங்கிய பிறகுதான் சத்தம் வரும். இதே சிக்னலை ரெக்கார்டரின் உள்ளீட்டில் கொடுத்துப் பாருங்கள், வாழைமரம் நேராக நிற்கும். படமும் ஒலியும் ஒரே பெட்டிக்குள் ஒரே கடிகாரத்தில் சுருக்கப்படுவதால் மூன்று மணி நேரம் ஓடினாலும் உதடு பிசகாது.

எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது. பானசோனிக்கின் டிஎம்ஆர்-ஈஎஸ்10, ஈஎஸ்15 இரண்டும் இதற்கே பேர்போனவை. அவற்றில் பதிவே செய்யாமல், டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் வெறும் பாலமாகப் போட்டு வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. அப்படி வைத்தால் உள்ளீட்டு இரைச்சல் குறைப்பை மெனுவில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முகங்கள் மெழுகு பூசினது மாதிரி வழுக்கும், பட்டுப்புடவைச் சரிகை கலங்கிவிடும்.

அடுத்து நேரக் கணக்கு. இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். கல்யாண கேசட் பெரும்பாலும் ஈ-180, அதாவது மூன்று மணி நேரம். ரெக்கார்டரின் எஸ்பி முறையில் டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரம்தான் பிடிக்கும். எல்பியில் நான்கு மணி. ஈபியில் ஆறு, எட்டு என்று ஆசை காட்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள், அட்சதை போடும்போது திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிதறும். மூன்று மணிக்கு நெகிழ்முறை என்று ஒன்று இருக்கும், எஃப்ஆர் என்றோ வேறு பெயரிலோ. நேரத்தைச் சரியாக 3 மணி 5 நிமிடம் என்று கொடுங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கை இந்த நேரத்துக்குப் பகிர்ந்தால் விநாடிக்குச் சுமார் 3.4 மெகாபிட் வரும், ஒலியும் அதற்குள்தான். இந்த அளவில் பல பெட்டிகள் 720க்குப் பதில் 352 புள்ளி அகலத்துக்கு இறங்கும். பதற வேண்டாம். விஎச்எஸ் டேப்பில் இருக்கும் கிடைமட்டத் துல்லியமே சுமார் 240 வரிதான், 352 அதற்குத் தாராளம். குறைந்த பிட்டில் 720ஐப் பிடித்துத் தொங்கும் பெட்டிகளில்தான் படம் கட்டம் கட்டமாகும். ஹார்ட் டிஸ்க் உள்ளவர்கள் இந்தக் கணக்கையே விட்டுவிட்டு எஸ்பியில் பதிவு செய்து இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பது உத்தமம். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி தொடங்கும் இடம் வெட்டுவதற்கு வசதி.

ஒலிக்கு ஒரு வரி போதும்: ஊர் வீடியோக்காரர் போட்டுக் கொடுத்த காப்பிகள் பெரும்பாலும் மோனோ, டெக்கில் ஹைஃபை கரகரத்தால் சாதாரண டிராக்குக்கு மாற்றுங்கள்.

டிஸ்க்கை நம்பாதீர்கள். ரெக்கார்டர் விற்ற காலத்தில் டிவிடி சாசுவதம் என்றார்கள். மலிவு டிஸ்க் சில வருடத்திலேயே ஓரத்திலிருந்து படிக்க முடியாமல் போகும், ஓரத்தில்தான் கடைசி அரை மணி நேரம் இருக்கும். எனவே டிஸ்க்கைக் கிணற்று வாளியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிவிடி-ஆர்டபிள்யூ போதும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அதிவேக முறையில் இறக்குங்கள். அதில் மறுசுருக்கம் நடக்காது, தரம் அப்படியே வரும். கணினியில் உள்ளே இருக்கும் கோப்புகளை நகலெடுத்து, டிஸ்க்கை அழித்து, அடுத்த கேசட். வீடியோ முறையில் எழுதினால் ஒரு ஜிபி அளவுத் துண்டுகளாக விஓபி கோப்புகள் வரும். விஆர் முறையில் எழுதினால் எல்லாம் ஒரே விஆர்ஓ கோப்பில் மொத்தமாகக் கிடக்கும், பிரிப்பது பாடு. வீடியோ முறையே நல்லது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது வடிவமைத்திருக்கும் முறை கணினிக்குப் புரியாது. மெயின் போர்டு போனால் உள்ளே இருந்ததும் போனது மாதிரிதான். அதனால் ஒரு கேசட் முடிந்தால் அன்றே இறக்கிவிட வேண்டும், ஹார்ட் டிஸ்க்கில் ஊறப்போடக் கூடாது.

இன்னொன்று ஃபைனலைஸ், அதாவது எழுதிய டிஸ்க்கை மற்ற பிளேயர்களும் படிக்கும்படி முடித்து மூடுவது. டிவிடி-ஆரில் அதைச் செய்யாமல் விட்டால் மற்ற பிளேயர்களுக்கு டிஸ்க் வெற்றுத் தட்டு. பர்னர் சாகிற கட்டத்தில் பதிவு நன்றாக நடந்து ஃபைனலைஸில்தான் தடுமாறும். அப்படி மாட்டிய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், கணினியில் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம்.

பூஞ்சை பிடித்த கேசட்டை எந்த டெக்கிலும் போடக் கூடாது. கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடி தெரியும். ஒரு தடவை போட்டால் ஹெட்டுக்கும், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். கேசட்டின் அடியில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றி, முகமூடி போட்டுக்கொண்டு, வெளியில் வைத்துச் சுத்தம் செய்து, நல்ல கூட்டுக்கு மாற்றுவது தனி வேலை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். கடையில் புதிது கிடையாது. டெக்கும் அப்படித்தான், கடைசிவரை விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கிடைப்பதெல்லாம் பழையது. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பார்த்தால் 100 வோல்ட் ஜப்பான் பெட்டி மலிவாக வரும். ஆசைப்படாதீர்கள், மின்மாற்றி வைத்து ஓட்டினாலும் அது ஜப்பானின் என்டிஎஸ்சி டிவி முறைக்கான பெட்டி, நம்மூர் பால் கேசட்டைப் பதிவு செய்யாது. டெக்கும் ரெக்கார்டரும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பெட்டியும் வேண்டாம். ஒன்று கெட்டால் இரண்டும் பரணுக்குப் போகும். மூடியைத் திறக்க விடுகிற விற்பனையாளரிடம் வாங்குங்கள். பவர் சப்ளை போர்டில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அது மாற்றக்கூடிய சங்கதி, விலையைக் குறைத்துக் கேட்கலாம். பர்னர் எழுதவில்லை என்றால் அதே மாடல் எண் உள்ள பர்னர் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். கணினி பர்னரை மாட்டினால் பெரும்பாலும் ஏற்காது.

பத்து கேசட்டுக்குள் இருந்தால் வாங்காதீர்கள். நல்ல டெக் வைத்திருக்கிற ஒருவரிடம் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், தரம் இழக்காமல் சுருக்கிய கோப்பாகக் கேட்டால் மணிக்கு 30 ஜிபி அளவில் வரும், ஒரு ஹார்ட் டிஸ்க் கொடுத்தனுப்புங்கள். பீரோ நிறையக் கேசட் இருந்தால் மட்டும் ரெக்கார்டர். அதுவும் பதிவு செய்வதற்காக இல்லை, வாழைமரத்தை நேராக்கும் அந்த உள்ளீட்டுக்காக. டிஸ்க் எழுதும் பாதி செத்த பெட்டி என்றால் இன்னும் மலிவாகக் கிடைக்கும், நமக்கு வேண்டிய பாதி உயிரோடுதான் இருக்கும். அப்படியென்றால் லேசர் மாற்றிய காசு வீண்தானே என்று கேட்பீர்கள். வீண்தான். என்னுடையதை விற்கச் சொல்லிக் கேட்காதீர்கள், தரமாட்டேன்.

ஒன்று மறந்துவிட்டேன். ரிமோட் இல்லாமல் வாங்காதீர்கள். பல பெட்டிகளில் முன்பக்கம் நாலு பட்டன்தான். இரைச்சல் குறைப்போ நெகிழ்முறையோ ஃபைனலைஸோ, எல்லாம் ரிமோட்டின் மெனுவுக்குள்தான் இருக்கிறது. யுனிவர்சல் ரிமோட்டில் ப்ளே வரும், ஸ்டாப் வரும், அந்த மெனு பட்டன் மட்டும் வராது.