பழைய பாலிஷை எடுக்க உப்புத்தாளா, ரிமூவரா?

முதல்முறை பழைய மேசையைப் புதுப்பிக்கிறவர்கள் நேராக உப்புத்தாளைத்தான் எடுக்கிறார்கள். தட்டையான, கெட்டிப் பலகைக்கு அது சரிதான்: சொரசொரப்பான 80 எண் தாளில் தொடங்கி 120, 180 என்று நைசான தாளுக்குப் போங்கள், மர ரேகை ஓடுகிற திசையிலேயே தேயுங்கள், குறுக்கே விழுந்த கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பளிச்சென்று தெரியும். ஆனால் மேலே வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது, கொஞ்சம் அழுத்தினாலே அடிப்பலகை தெரிந்துவிடும். அங்கேயும், கடைந்த கால்கள், செதுக்கு வேலைப்பாடுகளிலும் ரிமூவர், அதாவது பழைய பூச்சை இளக்கி எடுக்கும் ரசாயனம்தான் நல்லது. தடிமனாகப் பூசி, பழைய பூச்சு சுருங்கிக் கிளம்பும்வரை பொறுத்து, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். நெடி அதிகம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை கட்டாயம். அப்புறம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது.