யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு: விசாவிலிருந்து விதானையார் வரை

கனடாப் பாஸ்போட்டில் யாழ்ப்பாணம் போய் வந்தேன் என்றதும் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது விசாவைப் பற்றித்தான். உள்ளதைச் சொன்னால், முழுப் பயணத்திலும் சுகமாக முடிந்த அலுவல் அதுதான். ஈ.ரி.ஏ. எனும் இணைய அனுமதிக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பித்தேன், மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. முப்பது நாள் சுற்றுலா விசாவுக்கு நான் கட்டியது 50 அமெரிக்க டொலர். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காசில்லை. பாஸ்போட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும்.

2024 ஏப்ரலில் விசா கொடுக்கும் இந்த வேலையை வெளிநாட்டுக் கம்பனிகளிடம் ஒப்படைத்து, கட்டணமும் ஏறி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சனம் சத்தம் போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது, அடுத்த மாதம் பழைய ஈ.ரி.ஏ. திரும்பி வந்தது. ஆகவே அந்த இடைக்காலத்து ஆலோசனைகளை யாராவது அனுப்பினால் தள்ளி வையுங்கள். 2025 ஜூலையில் 40 நாட்டவருக்குக் கட்டணத்தை நீக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். அறிவிப்பை நம்பி இருக்காமல், ரிக்கற் போடும்போது குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தையே பாருங்கள். அரச தளம் போலவே தோற்றம் காட்டி, மேலதிகமாகக் காசு கறக்கும் தளங்கள் நிறைய உண்டு. முகவரியின் கடைசியில் ‘ஜீ.ஓ.வி. டொட் எல்.கே.’ இல்லாவிட்டால் கார்ட்டை வெளியே எடுக்காதீர்கள்.

எங்கள் ஆட்களுக்குச் சிக்கல் வருவது பெயரில். ஊர்ப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தன் பெயர் ஓரிடத்தில், தகப்பன் பெயர் இன்னோரிடத்தில். கனடாவில் ஒருவருக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகியிருக்கும், மனைவிக்குப் புருசனின் பெயர், பிள்ளைகளுக்கு வேறொன்று. விண்ணப்பத்தில் பாஸ்போட்டில் எந்தப் பெட்டியில் எது இருக்கிறதோ அதையே அப்படியே போடவேண்டும். தகப்பன் பெயர்தானே முன்னுக்கு வரவேண்டும் என்று ஊர் வழக்கத்தில் மாற்றிப் போட்டால் வீண் அலைச்சல்.

இடையில் சென்னைக்குப் போய்ச் சேலை எடுத்து, கோயில் பார்த்து வருவோரும் கனபேர். விசாவில் இரண்டு தடவை உள்ளே வரலாம், அது வசதி. ஆனால் முப்பது நாள் முதல் தடவை இறங்கிய நாளிலிருந்தே ஓடும், சென்னையில் நிற்கும் நாட்களும் அதில் சேர்த்திதான். கூட நிற்க விரும்பினால் முடியுமுன்பே இணையத்தில் நீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம், குடிவரவுத் திணைக்களம் இருக்கிற பத்தரமுல்லைக்கு அலையத் தேவையில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேரே சிறிய விமானம் பறக்கிறது. கட்டுநாயக்காவையே தவிர்க்கலாம் என்று ஆசைப்படுவோர் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். பெட்டியின் பாரமும் சிறிய விமானத்தில் இடிக்கும்.

கொழும்பிலிருந்து மேலே போக என் தெரிவு ரெயின்தான். ஆசனப் பதிவு இணையத்தில், பாஸ்போட் இலக்கம் கொடுத்து. அதே பாஸ்போட்டைக் கையில் வைத்திருங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பதிவு திறந்த அன்றே முடிந்துவிடும். இரவு பஸ்ஸைப் பற்றிக் கேட்காதீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ஏறிய சொகுசு பஸ் ஒன்றில் சாய்கிற ஆசனம் சாயவில்லை, குளிர் மட்டும் விடியும்வரை குறையவில்லை. கனடாவின் ஸ்காபரோ மார்கழியில்கூட அப்படி நடுங்கவில்லை. பஸ்ஸில் நின்ற பெடியனிடம் சொன்னதற்கு, “அன்ரி, போர்வை கொண்டு வரேல்லையோ?” என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

இனி உண்மையான வேலை. அம்மாவின் பிறப்புப் பத்திரப் பிரதி எடுக்கவேண்டியிருந்தது. பிரதேச செயலகத்தில் படிவத்தை நிரப்பி நீட்டியதும் உள்ளே இருந்த பிள்ளை பார்த்த முதல் இடம் பதிவு இலக்கம். “நம்பர் இருந்தா உடனை பாக்கலாம் அன்ரி. இல்லாட்டிப் புத்தகம் புத்தகமாப் பிரட்டோணும்.” என் தொலைபேசியில் பழைய பிரதியின் படம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஜேர்மனி ஐயாவிடம் இல்லை. பிறந்த வருசமே இரண்டு விதமாகச் சொன்னார் பாவம். இலக்கம் தெரியாவிட்டால் எந்தக் காலத்துப் பதிவைத் தேடுவது என்று குறித்து, தேடுவதற்கும் கட்டணம் கட்டவேண்டும். அதனால் வெளிக்கிட முன்பே வீட்டிலுள்ள பழைய பத்திரம் எல்லாவற்றையும், பின்பக்கத்தோடு, படமெடுத்து வையுங்கள்.

அங்கே இருந்தவர்கள் மரியாதையாகவே கதைத்தார்கள், இதைச் சொல்லத்தான் வேண்டும். காசு வாங்குபவர் தேத்தண்ணிக்குப் போனால் எல்லாம் நிற்கும், அது வேறு கதை. காலையில் கதவு திறக்கும்போதே நில்லுங்கள். வதிவிட அத்தாட்சி போன்ற கடிதங்களுக்கு விதானையாரிடம் போகவேண்டும். கிராம அலுவலர் என்று பலகையில் இருந்தாலும் ஊரில் இன்றும் விதானையார்தான். அவர் எல்லா நாளும் கந்தோரில் இருக்கமாட்டார். எந்த நாளில் இருப்பார் என்று ஊரிலுள்ளவரைக் கொண்டு கேட்டுவிட்டுப் போங்கள். காணி அலுவல் இருந்தால், உறுதி எழுதும் நொத்தாரிசைப் பார்ப்பதையும் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்துக்கு விட்டால் போயா எனும் பௌர்ணமி விடுமுறையோ வேறெதுவோ குறுக்கே வந்து நிற்கும்.

மற்றவை சின்ன விசயங்கள். சிம் அட்டையை விமான நிலையத்திலேயே எடுத்துவிடலாம். யாழ்ப்பாணத்திலும் பிக்மீ எனும் தொலைபேசிச் செயலியில் ஓட்டோ வருகிறது, பேரம் பேசும் தலையிடி இல்லை. காசு மாற்ற வெள்ளவத்தைக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள், ஆனால் ஐயாயிரம் ரூபாத் தாளாகவே வாங்கி வந்தால் ஊர்க் கடையில் மிச்சம் கொடுக்க இருக்காது. நயினாதீவுக்குக் குறிகாட்டுவான் இறங்குதுறையில் போட் ஏறினால் கொஞ்ச நேரம்தான். நெடுந்தீவு கன தூரம், காற்றுக் காலத்தில் வயதானவர்களை ஏற்றாதீர்கள்.

திரும்பும்போது கட்டுநாயக்காவுக்கு வான் பிடிப்பதானால் ஒரு பகல் முழுக்க ஓட்டம் என்று கணக்குப் போடுங்கள். வாடகையில் பாதியைப் புறப்படும்போது கொடுத்து மீதியை விமான நிலைய வாசலில் கொடுங்கள். எங்கள் வான்காரர் அதற்கு முகம் சுழிக்கவில்லை, வழமையே அதுதான் என்றார்.