எச்சரிக்கை: ‘விக்டோரியா காலத்து வெள்ளித் தையல் பெட்டி’

இங்கிலாந்து விற்பனையாளர் ஒருவர் இணைய ஏலத்தில் போட்ட பெட்டி இது. ‘விக்டோரியா காலம், எல்லாமே முழு வெள்ளி, 5 உருப்படி’ என்றது விளம்பரம். ஊசி குத்தாமல் விரல்நுனியில் மாட்டும் திம்பிள் இரண்டு, துணியில் துளை போடும் குத்தூசி ஒன்று, ஊசிக்கூடு ஒன்று, பன்றி வடிவக் குண்டூசி மெத்தை ஒன்று. படங்கள் பளபளவென்று இருந்தன. வெள்ளியின் தரத்துக்குச் சான்றாக அடிக்கும் முத்திரை ஒன்றில்கூடத் தெளிவாக விழவில்லை. கேட்டதற்கு, ‘என் கேமரா பழசு’ என்று பதில் வந்தது. வந்து சேர்ந்த ஐந்தில் சொன்னபடி இருந்தது ஒன்றுகூட இல்லை.

பெரிய மோசடி அந்தப் பன்றிதான். விலையில் பாதிக்கு மேல் அதற்காகவே கொடுத்தது. 1900களின் தொடக்கத்தில் பர்மிங்ஹாமில் ஏடி அண்ட் லவ்கின், லெவி அண்ட் சாலமன் போன்ற பட்டறைகள் செய்தவை இந்த விலங்கு மெத்தைகள். மெல்லிய வெள்ளித் தகட்டை அச்சில் அழுத்தி, இரண்டு பாதியாக எடுத்து, பற்றவைத்து, உள்ளே அடைத்து, முதுகில் வெல்வெட் வைப்பார்கள். அதனால் அசல் பொருளைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. வெல்வெட்டை லேசாக நெம்பி உள்ளே பார்த்தால், வெளியே மேடாக இருப்பது உள்ளே பள்ளமாகத் தெரியும்.

எங்களுக்கு வந்தது வார்ப்பு. சுவர் தடிமன், உட்புறம் மணல்போலச் சொரசொரப்பு, இடது காதடியில் ஊசிமுனை அளவில் காற்றுக்குழிகள். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்க்கும்போது முத்திரையும் சேர்ந்தே வந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள சூது. பர்மிங்ஹாமைக் குறிக்கும் நங்கூரம், ஸ்டெர்லிங் தரத்தைக் குறிக்கும் சிங்கம், முத்திரையிட்ட ஆண்டைக் காட்டும் எழுத்து எல்லாம் இருக்கும். 10 மடங்கு லென்ஸில் வித்தியாசம் தெரியும்: உளியால் அடித்த முத்திரையின் ஓரம் கூர்மையாக, குழியின் அடி வழவழப்பாக இருக்கும், வார்ப்பில் ஓரம் சோப்பு தேய்ந்ததுபோல மழுங்கி இருக்கும். இன்னொரு வேடிக்கை, ஆண்டு எழுத்து ‘எஃப்’. பர்மிங்ஹாமில் 1900இல் ‘ஏ’யில் தொடங்கிய வரிசையில் அது 1905-06. விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில்; அடுத்து ஆண்டது அவர் மகன் எட்வர்ட்!

ஊசிக்கூட்டில் முத்திரையே இல்லை. இது மட்டும் குற்றமல்ல. 5 பென்னிவெயிட்டுக்கு, அதாவது சுமார் 7.8 கிராமுக்குக் குறைந்த பல சிறு வெள்ளிப் பொருள்களுக்கு அங்கே முத்திரைக் கட்டாயம் இருக்கவில்லை; பழைய திம்பிள்கள் பலவற்றில் இல்லாததும் அதனால்தான். ஆனால் இந்தக் கூடு 11.35 கிராம். சந்தேகம் வந்ததும் தண்ணீரில் நிறுத்துப் பார்த்தோம். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும், சமையல் தராசு உதவாது. தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, கூட்டைத் திறந்து இரண்டு பாகங்களையும் மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விடுங்கள்; இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக் கணக்கைக் கெடுக்கும். தராசு 1.31 காட்டியது. 11.35ஐ 1.31ஆல் வகுத்தால் 8.66. ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீத வெள்ளி என்றால் 10.3 பக்கம் வர வேண்டும். இது ஜெர்மன் சில்வர்; செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது.

குத்தூசியின் கைப்பிடி வெள்ளிதான், முத்திரையும் சரி. முனைதான் பொய். இதே கைப்பிடியைப் பூட்ஸ் பொத்தான் மாட்டும் கொக்கிக்கும் நகம் திருத்தும் கருவிகளுக்கும் போட்டார்கள். உடைந்த கொக்கியை அரத்தால் ராவிக் கூராக்கினால் ‘தையல் கருவி’ ஆகிவிடும், விலையும் ஏறிவிடும். இரும்புத் தண்டு கூராகும் இடத்தில் அரம் போட்ட புதுக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். எடையையும் நம்பாதீர்கள்: தகடு காகிதம் மாதிரி, உள்ளே முழுக்கத் தார் போன்ற கீல்.

முதல் திம்பிளில் காந்தம் ஒட்டியது. பயப்பட வேண்டாம், போலியல்ல. ஹாலிஃபாக்ஸில் சார்லஸ் ஹார்னர் 1884இல் காப்புரிமை பெற்ற ‘டோர்காஸ்’ அது: இரண்டு வெள்ளித் தகட்டுக்கு நடுவே எஃகு. வெறும் வெள்ளியை ஊசி துளைத்துவிடும் என்பதற்காகச் செய்தது. சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குவதுதான். ஆனால் ‘முழு வெள்ளி’ என்று எடைக்கணக்கில் விற்பது பொய். வெள்ளியில் விரிசல் விட்டால் உள்ளே எஃகு துருப்பிடித்து உப்பும், அதையும் கவனியுங்கள்.

இரண்டாவது திம்பிளின் உச்சியில் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியாது. வாயால் ஊதினால் படியும் ஆவி அந்த இடத்தில் மட்டும் வேறு மாதிரி கலையும். அதைப் பத்தரிடம் கொடுத்து ‘ஒழுங்காகப் பற்றவைத்துத் தாருங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள்; வெள்ளிப் பற்றுக்கான சூட்டில் ஈயம் சுற்றியுள்ள வெள்ளியையும் அரித்துவிடும்.

திருப்பி அனுப்ப நினைத்தால் எதையும் துலக்காதீர்கள். கறுப்பை எடுத்துவிட்டால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார்கள். நாங்கள் லென்ஸ் படங்களையும் தராசுப் படத்தையும் சேர்த்துப் புகார் கொடுத்து, வந்தபடியே அனுப்பினோம். பொருள் விலை வந்தது, இரண்டு பக்கத் தபால் செலவும் போனது. அந்தப் பன்றி இப்போது மறுபடி ஏலத்தில் நிற்கிறது, காதடிக் குழிகளோடு. விளம்பரத்தில் மாறியிருப்பது ஒன்றே ஒன்று: ‘விக்டோரியா காலம்’ போய் ‘எட்வர்ட் காலம்’ என்று இருக்கிறது.