அடைக்கோழியா, தெர்மாகோல் பெட்டியா, மெஷினா? ஒரே நாளில் முட்டை வைத்த மூன்று வீடுகளின் கதை

குஞ்சு பொரிக்க எது தோது என்று கேட்டால், மதுரைப் பக்கம் கோழி வளர்க்கும் எங்கள் செட்டில் மூன்று கட்சி. மேலூர் அண்ணனுக்கு அடைக்கோழியைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை கிடையாது. ஒத்தக்கடை மாப்பிள்ளை தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டிப் பொரிக்கிறவர். திருமங்கலம் அக்கா ஆட்டோமேட்டிக் மெஷினே வாங்கிவிட்டார். நான் கோழியும் வைத்திருக்கிறேன், பெட்டியும் வைத்திருக்கிறேன். அதனால் எல்லாப் பக்கமும் திட்டு வாங்குகிறேன்.

எல்லோரும் ஒரே நாளில்தான் வைப்போம். சனிக்கிழமை பொழுது சாய வைத்தால் 21 நாள் கழித்து அதே சனிக்கிழமை ஓடு விரியும். ஞாயிறு லீவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கவும் இதுதான் நியாயமான வழி. அதே வெயில், அதே மின்தடை, அநேகமாக அதே சேவல்.

முட்டையிலேயே முடிந்துபோகும் சண்டை

பெட்டி சரியில்லை, மெஷின் ஏமாற்றிவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் முதலில் முட்டையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். சேவல் சேராத முட்டை எதில் வைத்தாலும் பொரிக்காது. கடையில் வாங்கும் வெள்ளை முட்டை நாமக்கல் பக்கத்துப் பண்ணைக் கூண்டுகளிலிருந்து வருவது. அங்கே சேவலுக்கே வேலையில்லை. நாட்டுக்கோழி முட்டை என்றாலும் ஒரு வாரத்துக்கு மேல் பழையது வேண்டாம்.

மதுரை வெயிலில் இன்னொரு சிக்கல் உண்டு. 20, 21 டிகிரியைத் தாண்டினாலே கரு மெல்ல வளரப் பார்க்கும். சித்திரை மாதத்தில் அடுப்படி அலமாரியில் வைத்த முட்டை அரைகுறையாக வளர்ந்து, வலுவிழந்து, நாம் அடை வைப்பதற்கு முன்பே போய்விடும். ஃப்ரிட்ஜோ அளவுக்கு மீறிய குளிர்ச்சி. மண்பானையில் ஈர மணல் பரப்பி, மேலே துணி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வைப்பது நம்மூருக்குப் போதும். இந்த விஷயத்தில் மட்டும் மூன்று கட்சிக்கும் ஒரே கொள்கை.

அடைக்கோழி

அடைக்கோழிக்குக் கரண்ட் வேண்டாம், தெர்மாமீட்டர் வேண்டாம். வயிற்றில் இறகு உதிர்ந்து, வெறும் தோல் நேராக முட்டையில் படுகிறது. சூடும் ஈரமும் அதற்கே தெரியும். பகலிலும் ராத்திரியிலும் அலகால் முட்டையை உருட்டி, ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கும் நடுவில் கிடப்பதை ஓரத்துக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து, கால் மணி நேரம் போல இரை தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுத் திரும்பிவிடும்.

அண்ணன் பழைய கூடையில் ஆற்று மணல் போட்டு, வைக்கோல் பரப்பி, செள்ளுப் பூச்சி அண்டாமல் இருக்க நொச்சி இலை வைப்பார். இடிக்கு முட்டை கெடாமல் இருக்க மூலையில் ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும். மாப்பிள்ளைக்குக் கேலி பண்ண அது போதும்.

"அண்ணே, என் பொட்டியிலயும் ஒரு ஆணி போட்டு வைக்கவா?"

"ஒன் பொட்டியில ஸ்குரூ இருக்குல்ல மாப்ள, அது போதும். மொதல்ல கரண்டு இருக்கான்னு பாரு."

இரும்பு இடியைத் தடுக்கிறதோ இல்லையோ, பன்னிரண்டு வைத்தால் பத்துக் குஞ்சோடு அண்ணன் வீட்டுக் கோழி இறங்குவது சாதாரணம். ஆனால் நாம் நினைத்த நாளில் கோழிக்கு அடை வராது. எங்கள் சனிக்கிழமைக் கணக்குக்காகக் கோழியைப் போலி முட்டையில் சில நாள் உட்கார வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழிக்கு எட்டு, பத்து முட்டைக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும். பெரிய இனமான பெருவிடை இன்னும் கொஞ்சம் தாங்கும். மற்ற கோழிகள் அதே கூடையில் வந்து முட்டையிட்டுப் போகும்; பென்சிலால் குறி போடாவிட்டால் எது பழசு, எது புதுசு என்று தெரியாது.

உண்மையான செலவு வேறு. நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 80 முட்டை இடுவதே பெரிது. அடையில் மூன்று வாரம், குஞ்சோடு இரண்டு மாதம் போல என்று அது முட்டையை மறந்துவிடும். முட்டை விற்கிறவர்கள் அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கித் தெளிய வைப்பது இதனால்தான்.

தெர்மாகோல் பெட்டி

2017-ல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டுப் பார்த்த ஊர்ப்பக்கம் இது. அதனால் எங்களுக்குள் தெர்மாகோல் என்று சொன்னாலே ஒரு சிரிப்பு உண்டு. அணையில் எப்படியோ, முட்டைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

மீன், மருந்து வந்த காலிப் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு இரண்டு, சூடு ஏறினால் பல்பை அணைக்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட், பழைய கம்ப்யூட்டர் ஃபேன், ஒரு கிண்ணம் தண்ணீர். சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடிந்துவிடும். எல்.இ.டி. பல்பு சூடு தராது. குண்டு பல்புதான் வேண்டும். இரண்டாகப் போடுவது, ராத்திரி ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காக. கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 40 வாட் பல்பு ஒன்று 21 நாளும் அணையாமல் எரிந்தாலும் 20 யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிற வீட்டில் அது தெரியவே தெரியாது.

ஃபேன் ஓடினால் 37.5 டிகிரி. ஃபேன் இல்லையென்றால் சூடு மேலே தங்கிவிடும். அப்போது முட்டையின் மேல்பக்கத்தில் அளந்து 38.5 வரை வைக்க வேண்டும். பல பெட்டிகள் கெட்டுப்போவது இந்த வித்தியாசம் தெரியாமல்தான். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மூடியில் ஒட்டிவிட்டு, அடியில் கிடக்கும் முட்டைக்கும் அதே சூடு என்று நம்பிவிடுகிறார்கள்.

அப்புறம் புரட்டுவது. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழி. காலையில் பெருக்கல் மேலே, மதியம் சுழி, ராத்திரி மறுபடி பெருக்கல். நாளுக்கு மூன்று அல்லது ஐந்து என்று ஒற்றைப்படையில் புரட்டினால்தான் ஒவ்வொரு ராத்திரியும் வேறு பக்கம் மேலே இருக்கும். மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவதால் பகலில் புரட்டுவது அவர் அம்மா. "பேரனைப் புரட்டிப் போட வேண்டிய வயசுல முட்டையப் புரட்டிக்கிட்டு இருக்கேன், இவனுக்கு ஒரு பொண்ணு பாருங்கப்பா" என்று அத்தை எங்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. வீட்டில் அப்படி ஓர் ஆள் இல்லையென்றால் பெட்டியை யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் மூன்றிலும் அதிகம் கற்றுக்கொடுப்பது பெட்டிதான். ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்து, முட்டையின் அகன்ற முனையில் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தால், நடுவில் கரும்புள்ளியும் அதிலிருந்து கிளை பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் புள்ளி அசையும். வெறும் மஞ்சள் வெளிச்சமாகத் தெரிந்தால் கரு கூடாத முட்டை. நரம்பில்லாமல் ஒரு ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் தொடங்கி நின்றுபோனது. இரண்டையும் எடுத்துவிட வேண்டும். கூமுட்டை உள்ளேயே வெடித்தால் அந்த நாற்றத்தில் வீட்டில் நமக்குச் சோறு கிடைக்காது.

மெஷின்

இதற்கு அவ்வளவு எழுத வேண்டியதில்லை. மோட்டார் தானே புரட்டுகிறது, சூட்டையும் ஈரத்தையும் திரையில் காட்டுகிறது, சிலவற்றில் 12 வோல்ட் பேட்டரி மாட்டவும் வழி இருக்கிறது. ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். விலை சில ஆயிரங்கள்.

திரையை மட்டும் நம்பக் கூடாது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தால் ஃபாரன்ஹீட்டில் 99.5 காட்ட வேண்டும். காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானிக்கு உப்புச் சோதனை: பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஒரு டப்பாவில் மூடி வைத்தால் சில மணி நேரத்தில் 75 சதவீதம் காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதைக் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். அக்காவின் மெஷினிலும் தட்டின் குழிகள் பண்ணை முட்டை அளவுக்கு இருந்தன. சிறுவிடை முட்டை உள்ளே ஆடியது. அட்டைத் துண்டு செருகிச் சரிசெய்தார்.

வெயிலும் மின்தடையும்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அன்றைக்கு அண்ணனைப் பிடிக்க முடியாது: "என் கோழிக்கு ஷட்டவுன் கிடையாதுப்பா."

பதறத் தேவையில்லை. கொஞ்ச நேரம் குளிர்வதைக் கரு தாங்கும். சூடு ஏறுவதைத்தான் தாங்காது. மார்கழி, தையில் கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காமல் போர்வையால் மூடி வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் கதை தலைகீழ். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையே 38-ஐத் தொடும்போது தெர்மோஸ்டாட் பல்பை அணைக்குமே தவிர, குளிரவைக்காது. கடைசி வாரத்தில் குஞ்சுகளின் உடம்புச் சூடு வேறு சேரும். ஃபேனும் நின்ற நேரத்தில் மூடியைக் கொஞ்சம் திறந்து வைப்பதே நல்லது. மெஷினுக்கும் இதே கதைதான், விலை கூடியது என்பதற்காக அது ஏ.சி. ஆகிவிடாது. கோழி மட்டும் இறக்கையைத் தளர்த்தி எழுந்து நின்று சமாளிக்கும். மே மாதத்துக்கு என் ஓட்டு கோழிக்கே.

18-ம் நாளுக்குப் பிறகு

புரட்டுவதை நிறுத்த வேண்டும். ஈரத்தை 50, 55 சதவீதத்திலிருந்து 65, 70-க்கு ஏற்ற வேண்டும். ஐப்பசி அடைமழையில் கிண்ணம் ஒன்றே போதும். பங்குனி வறட்சியில் ஈரத்துணியும் தேவைப்படும். ஓட்டில் முதல் விரிசல் விழுந்து குஞ்சு வெளியே வர 12 மணி நேரமும் ஆகும், ஒரு நாளும் ஆகும். மூடியைத் திறந்தால் ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. "உரிச்சு விடவாக்கா?" என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்பார். "கைய எடு" என்பதுதான் அக்காவின் பதில். அக்கா சொல்வது சரி. மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடுவதற்கு முன் உரித்தால் ரத்தம் கசியும்.

பொரித்த பிறகுதான் கணக்கு

பொரிப்பை மட்டும் பார்த்தால் மெஷின் ஜெயித்துவிடும், எண்ணிக்கைக்கு அதுதான். ஆனால் 40 குஞ்சு வந்தால் முதல் வாரம் 35 டிகிரி சூட்டில் வைத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்து, பூனைக்கும் எலிக்கும் காவல் இருக்க வேண்டியது நாம். கோழி இந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. இரை காட்டும், பருந்தைப் பார்த்தால் குரல் கொடுக்கும், ராத்திரி இறக்கைக்குள் வாங்கிக்கொள்ளும். காக்காவுக்கும் கீரிக்கும் ஒன்றிரண்டு போவது உண்டுதான்.

எங்களுக்கு ஒத்துவந்தது கலப்பு ஏற்பாடு. பொரிப்பது அக்காவின் மெஷின், வளர்ப்பது அண்ணனின் கோழி. தேதி ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். வயிற்றில் மஞ்சள் கரு இருப்பதால் புதுக்குஞ்சு இரண்டு நாள் இரையில்லாமல் தாங்கும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் திருமங்கலத்திலிருந்து மேலூர் போவது பெரிய காரியமில்லை. அன்று ராத்திரி இருட்டில், கோழியின் சொந்தக் குஞ்சுகளோடு ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் தள்ளிவிட வேண்டும். விடியும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பது அவசியம். நிறம் வித்தியாசமான குஞ்சைச் சில கோழிகள் கொத்தும்.

ஒரே தேதிக்கு இன்னொரு லாபம் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா என்ற அந்த மருந்து. குப்பி குறைந்தது 100 டோஸ், கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் விட்டு முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மிச்சமெல்லாம் குப்பைக்கு. ஒத்தக்கடையில் கரைத்து மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டு, அதே ரோட்டில் மேலூர் போனால் நேரம் சரியாக இருக்கிறது. திருமங்கலம் எதிர்த் திசை. அக்கா தனிக் குப்பி வாங்கிக்கொள்கிறார், "மிச்சம் எங்க தெருக் கோழிக்கெல்லாம்" என்று.