வாக்கு இயந்திரமா, வாக்குச்சீட்டா? ஒப்பீட்டில் விட்டுப்போகும் கணக்கு

2024 ஜனவரி 30 அன்று சண்டிகரில் மேயர் தேர்தல் நடந்தது. மொத்தமே 36 ஓட்டு, எல்லாம் வாக்குச்சீட்டு. தேர்தலை நடத்திய அலுவலர் எட்டுச் சீட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். எட்டும் ஆம் ஆத்மி வேட்பாளருக்கு விழுந்தவை. அதனால் 20 ஓட்டு வாங்கியவர் 12-க்கு இறங்கி, 16 வாங்கிய பா.ஜ.க. வேட்பாளர் ஜெயித்தார். ஆனால் அந்த அலுவலர் பேனாவை எடுத்துச் சீட்டுகளில் கோடு போட்டது கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்தச் சீட்டுகளை டெல்லிக்கே வரவழைத்துப் பார்த்தது. எட்டும் செல்லும் என்று பிப்ரவரி 20-ல் தீர்ப்பளித்து முடிவை மாற்றியது.

வாக்கு இயந்திரத்தை ஆதரிப்பவர்கள் இதைக் காட்டி, "சீட்டு என்றால் இப்படித்தான் கெடுப்பார்கள்" என்கிறார்கள். வாக்குச்சீட்டு கேட்பவர்கள் இதே சம்பவத்தைக் காட்டி, "சீட்டாக இருந்ததால்தான் பிடிபட்டது" என்கிறார்கள். இரண்டுமே சரி. கெடுப்பது சுலபமா என்பது ஒரு கேள்வி, கெடுத்ததைக் கண்டுபிடிப்பது சுலபமா என்பது வேறு கேள்வி. தேர்தல் முடிவு வரும் ஒவ்வொரு முறையும் இணையத்தில் நடக்கும் சண்டையில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. இவற்றைப் பிரித்து வைத்து ஒப்பிட்டால் பாதிச் சண்டை தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

அதற்கு முன் ஒன்று. யார் கேட்கிறார்கள் என்பதை வைத்து இந்த விவாதத்தை எடைபோட முடியாது. 1982-ல் கேரளாவின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில், 50 சாவடிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக வாக்கு இயந்திரம் வைக்கப்பட்டது. இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை தேர்தலுக்கு முன்பே இயந்திரத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. தேர்தலில் 123 ஓட்டு வித்தியாசத்தில் அவரே ஜெயித்தார். உடனே தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் இயந்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்! சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்த 50 சாவடிகளிலும் சீட்டு வைத்து மறுதேர்தல் நடந்து ஜோஸ் ஜெயித்தார். 2009-ல் தோற்ற பிறகு வாக்குச்சீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று பேசியவர் எல்.கே. அத்வானி. இன்று அதையே எதிர்க்கட்சிகள் பேசுகின்றன. கட்சிகளை நகர்த்தி வைத்துவிட்டு விஷயத்தைப் பார்ப்போம்.

சாவடியில் நடக்கும் திருட்டு

வாக்குச்சீட்டுக் காலத்தை ஏக்கத்தோடு பேசுபவர்கள் பூத் கைப்பற்றலை மறந்துவிடுகிறார்கள். பத்துப் பேர் சாவடிக்குள் புகுந்து, அலுவலரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, கட்டுக்கட்டாகச் சீட்டைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் முத்திரை குத்தினால், கொஞ்ச நேரத்தில் பெட்டி நிரம்பிவிடும். போலீஸ் வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

இயந்திரம் இங்கே ஒரு எளிமையான வேலையைச் செய்கிறது: அவசரப்படாது. அலுவலர் கட்டுப்பாட்டுக் கருவியில் 'பேலட்' பொத்தானை அழுத்தினால்தான் ஒரு ஓட்டுக்கு வழி திறக்கும். நிமிடத்துக்கு நான்கு ஓட்டுக்கு மேல் விழாது. எத்தனை பேர் உள்ளே புகுந்தாலும் ஒரு மணி நேரத்தில் 240-ஐத் தாண்ட முடியாது. நடுவில் அலுவலர் 'க்ளோஸ்' பொத்தானை அழுத்திவிட்டால் அதுவும் நின்றுபோகும். இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஆனால் அடியாட்களை வைத்துத் தேர்தலை ஜெயிக்கும் வழக்கத்தை இது உண்மையிலேயே அடித்தது. தேப்நாத், கபூர், ஷமிகா ரவி ஆகியோரின் ஆய்வும், முறைகேட்டால் மறுவாக்குப்பதிவு அதிகம் நடந்த மாநிலங்களில் இயந்திரம் வந்த பிறகு மோசடி குறைந்தது என்றே சொல்கிறது.

செல்லாத ஓட்டும் போயிற்று. இரண்டு சின்னங்களுக்கு நடுவில் விழுந்த முத்திரை, மடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஒட்டிய மை என்று எண்ணும் மேசையில் ஒவ்வொரு சீட்டுக்கும் வாக்குவாதம் நடக்கும். படிக்கத் தெரியாத, கை நடுங்கும் முதியவரின் ஓட்டுதான் அதில் அதிகம் தள்ளுபடியாகும் என்பதை மறக்கக் கூடாது.

நம் ஊர் உதாரணம் ஒன்று உண்டு. 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில், தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் அதே வழியில் போராட, 185 வேட்பாளர்கள். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்தான் இருக்கும். ஒவ்வொரு சாவடியிலும் 12 கருவிகளை வரிசையாக வைத்துத் தேர்தலை நடத்தினார்கள். புது மாடலில் 24 கருவிகள் வரை இணைக்கலாம், அதாவது நோட்டாவையும் சேர்த்து 384 பெயர். மொடக்குறிச்சி போல ஒன்று மறுபடி வந்தால் இயந்திரமும் கைவிரிக்கும், சீட்டுத்தான் வழி.

பார்த்தாலே புரிவது

வாக்குச்சீட்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து கொட்டி, பிரித்து அடுக்கி, எண்ணுகிறார்கள். அதைக் கவனிக்கப் பொறியியல் பட்டம் வேண்டாம், கண் இருந்தால் போதும். ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று அங்கே பயன்படுத்திய வாக்கு இயந்திரங்களைச் செல்லாது என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். யாரும் ஏமாற்றினார்கள் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகன் தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தானே சரிபார்க்க முடியவேண்டும் என்று மட்டும் சொன்னது. இந்த விவாதத்தில் இதைவிட வலுவான வாதம் ஒன்றை நான் பார்த்ததில்லை. "எங்கள் இயந்திரம் இணையத்தோடு இணைக்கப்படாதது" என்பது இதற்குப் பதில் ஆகாது.

இலங்கையைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 21-ல் ஜனாதிபதித் தேர்தல், வாக்குச்சீட்டில். யாருக்கும் 50 சதவீதம் கிடைக்காததால், அந்த நாட்டு வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்குகளையும் எண்ணினார்கள். அவ்வளவும் கையால் எண்ணி மறுநாள் மாலையே அநுர குமார திசாநாயக்க வென்றதாக அறிவித்துவிட்டார்கள். இந்தியா பெரிய நாடு, கையால் எண்ண முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நாடு பெரிதானால் சாவடிகளும் ஆட்களும் கூடவே பெருகுகிறார்கள். ஒரு சாவடிக்கு வருவது என்னவோ 1,000 சொச்சம் சீட்டுகள்தான்.

அதிகம் பேசப்படாத இன்னொரு அனுகூலமும் சீட்டுக்கு உண்டு. எண்ணுவதற்கு முன்பு பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்துவிட, தேர்தல் நடத்தும் விதிகளில் 59ஏ விதியில் வழி இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியாது. இயந்திரத்தில் சாவடிவாரியாகவே கணக்கு வருகிறது. உங்கள் காலனி நமக்குப் போடவில்லையே என்று கவுன்சிலர் குடிநீர்க் குழாயைத் தள்ளிப்போட முடிகிறது. சில இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்துக் காட்டும் 'டோட்டலைசர்' என்ற கருவியைத் தேர்தல் ஆணையமே 2008-ல் முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015-ல் ஆதரித்தது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. ஹேக்கிங் பற்றி இவ்வளவு ஆவேசமாகப் பேசுபவர்கள் இதை ஏன் விடுகிறார்கள் என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஏழை வாக்காளரை நேரடியாகத் தொடும் குறை இது.

ஹேக்கிங் சந்தேகம் எவ்வளவு தூரம் சரி?

செல்போனிலிருந்து, செயற்கைக்கோளிலிருந்து ஓட்டை மாற்றிவிட்டார்கள் என்று பரவும் பதிவுகளை ஒதுக்கிவிடலாம். இயந்திரத்தில் வானலை வாங்கும் பாகமே கிடையாது. ஆனால் 2010-ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் காங்ரைப் ஆகிய தொழில்நுட்ப ஆய்வாளர்கள் ஒரு நிஜ இயந்திரத்தைத் திறந்து காட்டியது வேறு விஷயம். முடிவைக் காட்டும் திரைப்பலகையை மாற்றிவைத்தால் பொய் எண்ணிக்கை காட்ட முடியும் என்று நிரூபித்தார்கள். அதற்கு இயந்திரம் கைக்குக் கிடைக்க வேண்டும், பிரிக்க வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது. ஆக, அடியாள் செய்யும் திருட்டை இயந்திரம் தடுக்கிறது. உள்ளே இருக்கும் ஆள் செய்யும் திருட்டுக்கு முத்திரை, காவல், பாதுகாப்பு அறை என்று மனிதர்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் விவிபேட் (VVPAT), வாக்கு இயந்திரத்தோடு இணைக்கும் அச்சுக் கருவி. 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் தொடங்கி, 2019-ல் எல்லாத் தொகுதிக்கும் வந்தது. பொத்தானை அழுத்தியதும் ஒரு ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரிந்து, அறுந்து பெட்டிக்குள் விழும். இதில் ஒரு சிக்கலும் சேர்ந்தே வந்தது. முன்பெல்லாம் மூன்றாவது பொத்தான் எந்தக் கட்சி என்று இயந்திரத்துக்குத் தெரியாது. விவிபேட் சின்னத்தை அச்சடிக்க வேண்டும் என்பதால், பெயரும் சின்னமும் தேர்தலுக்கு முன்பு அதில் ஏற்றப்படுகின்றன. முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி கண்ணன் கோபிநாதன் தொடர்ந்து சொல்லிவந்த விஷயம் இது, நியாயமான கேள்வி. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சீட்டுக்குத் திரும்பும் கோரிக்கையை நிராகரித்தாலும், சின்னம் ஏற்றும் கருவியை முத்திரையிட்டு 45 நாள் பத்திரமாக வைக்கச் சொன்னது.

சரி, ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. எவ்வளவு எண்ணுகிறோம்?

ஐந்து போதுமா?

ஒரு சட்டமன்றப் பகுதிக்கு ஐந்து சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, அவற்றின் ஒப்புகைச் சீட்டை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். ஐந்து போதும் என்று ஆணையம் சொல்கிறது, நூறு சதவீதமும் எண்ணவேண்டும் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. கணக்குப் போட்டால் இரண்டுமே சரியாக வராது.

ஒரு தொகுதியில் 250 சாவடி, அதில் 10 இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் எடுக்கும் ஐந்தில் அந்தப் பத்தில் ஒன்றுகூட வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு 81. ஐந்துக்குப் பதில் 50 எடுத்தால் நூற்றுக்குப் பத்தாகக் குறையும். 75 எடுத்தால் இரண்டோ மூன்றோதான். ஆக, ஒரு தொகுதியின் முடிவைக் காப்பாற்ற ஐந்து போதவே போதாது.

ஆனால் நாடு முழுக்க இதே விகிதத்தில் கெடுத்திருந்தால்? ஐந்து ஐந்தாக எடுத்தாலும் மொத்தம் 20,000-க்கும் மேல் வருகிறது. அதில் மாட்டாமல் தப்பிப்பது நடக்காத காரியம். உச்ச நீதிமன்றத்தில் ஆணையம் கொடுத்த கணக்குப்படி அதுவரை 41,629 விவிபேட் சரிபார்க்கப்பட்டு, ஆந்திராவின் மைதுக்கூரில் ஒரே ஒரு சாவடியில்தான் வித்தியாசம் வந்தது. வாக்குப்பதிவு தொடங்கும் முன் சோதனைக்காக நடத்தும் மாதிரி வாக்குப்பதிவின் ஓட்டை அழிக்காமல் விட்டது காரணம். எனவே "நாடு முழுக்கத் திருடிவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டுக்கு இந்தச் சோதனை போதுமான பதில். "என் தொகுதியில் 49 ஓட்டில் தோற்றேன், எப்படி நம்புவது?" என்ற கேள்விக்கு இது பதிலே இல்லை.

49 என்பது நான் கற்பனையாகச் சொன்ன எண் இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் தி.மு.க.வின் அப்பாவு 49 ஓட்டு வித்தியாசத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரையிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. அதில் பெரிதாகப் பேசப்பட்டது எது தெரியுமா? தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டதால் தள்ளுபடியான 203 தபால் ஓட்டுகள். காகிதம்! 2019-ல் மறு எண்ணிக்கை நடந்தும் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இன்று அப்படியொரு வித்தியாசம் வந்து, 300 சாவடியில் ஒன்றே ஒன்றில் தவறு என்றால், அந்தச் சாவடி ஐந்துக்குள் வருவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூட இல்லை.

அதனால் என் தேர்வு இது: இயந்திரம் இருக்கட்டும், எண்ணும் ஒப்புகைச் சீட்டின் அளவு வெற்றி வித்தியாசத்தைப் பொறுத்து மாறட்டும். லட்சம் ஓட்டில் ஜெயித்த இடத்தில் சில சாவடி போதும். சில நூறு ஓட்டு என்றால் முழுசாக எண்ணவேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2020-ல் வித்தியாசம் சுமார் 12,000-தான் என்றதும், சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணி முடித்தார்கள். நம் விதிகளிலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. 56டி விதிப்படி வேட்பாளர் ஒப்புகைச் சீட்டை எண்ணக் கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலரின் விருப்பம் என்பதுதான் குறை. அந்த விருப்பத்தை எடுத்துவிட்டு, இன்ன வித்தியாசத்துக்குக் கீழே என்றால் கட்டாயம் எண்ணவேண்டும் என்று ஆக்கினால் போதும்.

எண்ணுவதற்கு ஒரு விவிபேட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று ஆணையம் சொல்வதில் உண்மை உண்டு. அந்தச் சீட்டு ஏ.டி.எம். ரசீது போன்ற வெப்பத்தாள். சின்னதாக, சுருண்டுகொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். கையால் எண்ணுவதை மனதில் வைத்துச் செய்தது இல்லை. அதற்கும் அதே 2024 தீர்ப்பில் ஒரு யோசனை இருக்கிறது: சீட்டில் சின்னத்தோடு பார்கோடும் அச்சடித்து, எண்ணும் இயந்திரம் ஒன்றை வைத்து எண்ணலாமா என்று ஆணையம் பரிசீலிக்கட்டும் என்றது நீதிமன்றம்.

அதுவரை கட்சிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் முகவருக்கு 17சி படிவம் தருகிறார்கள். அந்த இயந்திரத்தின் எண், அதில் விழுந்த மொத்த ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். எண்ணும் நாளில் மேசைக்கு வரும் கருவியின் எண்ணையும், திரையில் முதலில் காட்டும் மொத்தத்தையும் இந்தப் படிவத்தோடு வைத்துப் பார்த்தால், இயந்திரத்தை நடுவில் மாற்றியிருந்தாலும் ஓட்டைச் சேர்த்திருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். எல்லாச் சாவடியின் படிவத்தையும் வாங்கி, ஒழுங்காக அடுக்கி, எண்ணும் மேசைக்குக் கொண்டுபோகும் கட்சிக்குத்தான் மறுநாள் இணையத்தில் பேச ஆதாரம் இருக்கும்.