மைக்ரோடோம் பிடித்தவள் பார்வையில் ‘தரணி’

‘தரணி’ மூளை வரைபடத்தைப் பற்றி டாக்டர்கள் எழுத வேண்டியதை அவர்கள் எழுதட்டும். நான் லேப் டெக்னீஷியன். தக்கலைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் திசுவை மெழுகில் பதித்து பிளாக் போட்டு, மைக்ரோடோம் என்ற வெட்டும் கருவியில் மெல்லிய ஏடுகளாக (இதைத்தான் செக்‌ஷன் என்போம்) சீவி, ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றியே ஓய்வு பெற்றவள். ஒரு செக்‌ஷனைப் பார்த்தால் எனக்கு முதலில் நோய் தெரியாது, வெட்டிய கைதான் தெரியும். மடிப்பு விழுந்திருக்கிறதா, கத்தி கோடு இழுத்திருக்கிறதா, சாயம் திட்டுத் திட்டாக நிற்கிறதா என்றுதான் கண் போகும். இந்த மதிப்புரையும் அந்தக் கண்ணில் பட்டதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: சென்னை ஐஐடியில் 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் என்று ஒன்று தொடங்கினார்கள். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனும் அவர் மனைவியும் கொடுத்த பணத்தில் உருவானது. அந்த மையம் 2024 டிசம்பரில் வெளியிட்டதுதான் தரணி. கருவில் 14, 17, 21, 22, 24 வாரங்களில் இருந்த ஐந்து மூளைகளை 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவி, சாயம் ஏற்றி, செல் தெரியும் அளவுக்குப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 5,132 செக்‌ஷன். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், காசு இல்லை.

5,132 என்பதைப் படிக்கிறவர்கள் ஒரு எண்ணாகத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. பெரியவர்களின் மூளையே, திசுவை இறுக்கும் ஃபார்மலின் திரவத்தில் நன்றாக ஊறினால்தான் கத்திக்கு நிற்கும். கருவின் மூளையோ இளம் நுங்கு மாதிரி, தொட்டாலே கலங்கும். எங்கள் லேபுக்கு வருவது பெரும்பாலும் கர்ப்பப்பை, பித்தப்பை, கட்டியில் எடுத்த சதைத் துணுக்கு. கேசட் என்ற சின்ன டப்பாவுக்குள் அடங்கிவிடும், பாரபின் மெழுகில் 4, 5 மைக்ரானில் ரிப்பன் ரிப்பனாக வரும், நல்லதாக ஒன்று எடுத்தால் போதும். ஒரு முழு மூளையை முன்னாலிருந்து பின்னால்வரை வரிசை கெடாமல் சீவுவது வேறு வேலை. இடையில் நாலைந்து செக்‌ஷன் கிழிந்துபோனால் அந்த இடம் திரும்ப வராது. அந்தக் குழந்தையின் மூளை இன்னொன்று கிடையாதே. ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் பிறக்காமல் போன பிள்ளை என்பதையும் பார்க்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

சரி, பார்த்தது எப்படி இருந்தது? என் தங்கை மகள் மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் லேப் டெக்னாலஜி படிக்கிறாள். அவள் லேப்டாப்பில்தான் திறந்தோம். முதலில் நிஸ்ஸில் சாயம் (நரம்பு செல்களை எடுத்துக் காட்டும் சாயம்) போட்ட 14 வாரத்து மூளை. மேற்பரப்பு மொழுமொழுவென்று இருக்கிறது, நாம் படத்தில் பார்க்கும் மடிப்பு ஒன்றும் இல்லை. உள்ளே நீர் அறையைச் சுற்றி ஒரு கறுத்த பட்டை, வெளி ஓரத்தில் இன்னொரு கறுத்த பட்டை. இரண்டுக்கும் நடுவில் வெளிறின இடத்தில் பொடிப் பொடியாக செல்கள். உள் பட்டையில் பிறந்த நரம்பு செல்கள் வெளிப் பட்டைக்கு ஊர்ந்துகொண்டிருக்கிற சமயம் அது. பாடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டும் சங்கதியை இங்கே சாயம் ஏறிய நிஜத்தில் பார்க்கலாம். பெரிதாக்கப் பெரிதாக்க ஒவ்வொரு செல்லும் தனியாகப் பிரிகிறது.

அப்புறம் 24 வாரத்துக்குப் போனோம். “பெரியம்மா, பக்கவாட்டு நீர் அறை ஓரமா ஒரு கறுப்புத் திட்டு கிடக்கே, அது என்னது?” என்றாள். “ஜெர்மினல் மேட்ரிக்ஸ் மக்களே, புது செல்கள் பிறக்கிற இடம்” என்றேன். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தலைக்குள் ரத்தம் கசிகிறது என்று ஸ்கேனில் சொல்வார்களே, பெரும்பாலும் அது தொடங்குவது இந்த இடத்தில்தான். அங்குள்ள ரத்தக்குழாய்ச் சுவர் அவ்வளவு மெல்லியது. நாகர்கோவிலில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்சுக்கு இந்த ஒரு படம் போதும், ஒரு மணி நேர வகுப்புக்குச் சமம்.

வேலைப்பாடு? ஹெமட்டாக்ஸிலின்–ஈயோசின் சாயம் போட்டவற்றில் நீலமும் ரோஸும் சுத்தமாகப் பிரிந்திருக்கின்றன. நான் நின்று நின்று பார்த்த செக்‌ஷன்களில் குறை சொல்லத் தேடத்தான் வேண்டியிருந்தது. யார் வெட்டினார்களோ, கை நிதானம் உள்ளவர்கள்.

இதை வெறுமனே இணையத்தில் ஏற்றிவிட்டுப் போயிருந்தால் நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். இதன் ஆய்வு ‘ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் நியூராலஜி’யில் வந்திருக்கிறது, 1891இல் தொடங்கிய பத்திரிகை. இந்தியாவோடு ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாட்டு ஆட்கள் சேர்ந்து செய்தது. மூளையைத் தெரிந்த வெளி ஆட்கள் கேள்வி கேட்டுத் துளைத்த பிறகுதான் இப்படி ஒன்று அச்சேறும். அந்தக் கேள்வி எங்கே வந்து விழும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பேத்தாலஜி டாக்டர் ஒரு முறை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினார். மூன்றாவது படத்தில் திசு மடிந்திருக்கிறது, வேறு செக்‌ஷன் போட்டுக் காட்டுங்கள் என்று பதில் வந்தது. டாக்டர் அந்தத் தாளோடு நேராக என் மேசைக்குத்தான் வந்தார். முகம் தெரியாத யாரோ ஒருவர் தொலைவில் உட்கார்ந்து சந்தேகப்பட்டால் இங்கே கத்தி மாற்றப்படுகிறது, சாயம் புதிதாக வடிகட்டப்படுகிறது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு எங்கள் லேபில் சாதாரண பயாப்ஸிகூடத் திருத்தமாக வந்தது. ஒரு நாட்டில் ஆராய்ச்சி வளர்கிறது என்பதை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்.

மூளை மருத்துவத்தில் வெளி ஆட்களோடு சேர்ந்து வளர்வது நம்மூருக்குப் புதிதும் இல்லை. கனடாவின் மான்ட்ரியாலில் நரம்பு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூருக்கு வந்துதான் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை பிறந்தது. அடுத்த வருடம் சென்னை ஜி.எச்.சில் ராமமூர்த்தி தொடங்கினார். 1951இல் சென்னையில் நரம்பியல் சங்கம், 1953இல் அவர்களுக்கென்று ‘நியூராலஜி இந்தியா’ பத்திரிகை. வெளியில் போய்க் கற்றார்கள், இங்கே வந்து சொந்தமாகப் பத்திரிகையும் நடத்தினார்கள். நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் வலிப்புக்கு ரயிலேறி ஓடும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியும் இந்த வழியில் வளர்ந்ததுதான்.

இனி என் புகார்கள். அமெரிக்காவின் ஆலன் மூளை வரைபடத்துக்கு ஆரம்பத்தில் போட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகவில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். நல்லது. மிச்சம் பிடித்தது டெக்னீஷியன் சம்பளத்தில் இல்லை என்றால் நானும் கைதட்டுகிறேன்.

ஐந்து மூளை என்பது ஐந்துதான். ஒவ்வொரு கரு வயதுக்கும் ஒன்றே ஒன்று. 14 வாரத்தில் மூளை இப்படி இருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, இந்த ஒரு மூளை இப்படி இருந்தது என்றுதான் சொல்லலாம். செய்திகளில் ‘இந்திய மூளையின் வரைபடம்’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

உறுப்புப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலம். 500க்கு மேல் பகுதிகளுக்குப் பெயர் குறித்திருக்கிறார்கள், பெரிய உழைப்பு. ஆனால் டிப்ளமா படிக்கும் பிள்ளைகள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் பார்க்க முடிகிறது. தமிழில் ஒரு சின்ன வழிகாட்டி போட ஐஐடிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இலவசமாகப் போட்டதற்குத்தான் என் பெரிய மார்க். ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்கு மொத்தமாகச் சந்தா கட்ட மத்திய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று 2025 ஜனவரி முதல் தொடங்கியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 பத்திரிகைகள். ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை கட்டுரையைத் திறக்கலாம், தனியார் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகளுக்கு அந்த வாசல் இல்லை. தனியார் கல்லூரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமா? தரணிக்கு மட்டும் அவளிடம் யாரும் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு: போனில் முயல வேண்டாம், பெரிய திரை வேண்டும். படங்கள் கனமானவை, எங்கள் பக்கத்து நெட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஓடுகிறது. முதலில் நிஸ்ஸிலில் 14ஐயும் 24ஐயும் அடுத்தடுத்துப் பாருங்கள், பிறகு ஹெமட்டாக்ஸிலினுக்கு வாருங்கள். பக்கத்தில் ஒரு கருவியல் புத்தகம் திறந்திருக்கட்டும். லேப் டெக்னீஷியன் யாராவது வீட்டில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவர்கள் பார்க்கும் விஷயமே வேறாக இருக்கும்.