நல்ல திரை, பொறுக்க முடியாத பொத்தான்கள்

24 அங்குல, 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர்களின் விலை இறங்கியிருப்பதால், நான் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் மாதிரியையே வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். திரையின் தரத்தில் எனக்குப் பெரிய குறை ஏதும் இல்லாததால், அந்தப் பதிலுக்கு விளக்கம் தேவைப்படுகிறது.

உடலமைப்பு விலைக்கு ஏற்றதுதான். ஸ்டாண்டில் உயரத்தை மாற்ற முடியாது. முன்னும் பின்னும் சற்றுச் சாய்க்கலாம், அவ்வளவே. ஆனால் பின்புறத்தில் 100 மி.மீ. இடைவெளியுள்ள வெசா தரத் திருகுத் துளைகள் இருப்பதால், தனியாக ஒரு மானிட்டர் ஆர்ம் வாங்கிப் பொருத்தியதோடு அந்தக் குறை தீர்ந்தது. பவர் அடாப்டர் வெளியே இருப்பதையும் நான் நன்மையாகவே கருதுகிறேன். அது பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கணினியோடு இணைக்க டிஸ்ப்ளேபோர்ட், எச்டிஎம்ஐ என இருவகை இணைப்புகள் உள்ளன. அவற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடப்பட்டுள்ள 165 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டுமே கிடைக்கிறது. எச்டிஎம்ஐ 144 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. எச்டிஎம்ஐயின் 1.4 பதிப்பு நொடிக்கு 10.2 கிகாபிட் தரவு வரையும், டிஸ்ப்ளேபோர்ட்டின் 1.2 பதிப்பு அதைப்போல் இரு மடங்குக்கு மேலும் கடத்தவல்லவை என்பதால் இந்த வேறுபாடு புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் பெட்டிக்குள் எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் வைத்து அனுப்புவது நியாயமன்று.

இவை அனைத்தையும் பொறுத்துக்கொள்ளலாம். திரையின் அமைப்புகளை மாற்றும் மெனுவைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வலது கீழ் விளிம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரே அளவில், ஒரே இடைவெளியில் ஐந்து பொத்தான்கள் உள்ளன. அவற்றில் கடைசியாக இருப்பது பவர் பொத்தான். இரவில் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு மெனுவை மூட விரலை நகர்த்தினால், அது பக்கத்திலிருக்கும் பவர் பொத்தானில் பட்டுத் திரை அணைந்துவிடுகிறது. டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்திருக்கும்போது, மானிட்டரே கழற்றப்பட்டுவிட்டதாக விண்டோஸ் எடுத்துக்கொண்டு, திறந்திருந்த சாளரங்களையெல்லாம் இரண்டாவது திரைக்குத் தள்ளிவிடுகிறது. மெனு திறந்திராத வேளையில் அதே பொத்தான்களுக்கு வேறு வேலைகள். ஒருமுறை கூடுதலாக அழுத்தினால் கேம் மோடு மாறி, பொறுமையாகச் சரிசெய்த நிறங்கள் போய்விடுகின்றன. பின்புறத்தில் ஒரே ஒரு சிறிய ஜாய்ஸ்டிக் வைத்திருந்தால் இத்தனை தொல்லையும் இராது. இதே விலைப் பிரிவில் அப்படி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

மெனுவை ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடவும் முடியாது. திரைப் புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்தால், வேகமாக நகரும் உருவங்களுக்குப் பின்னால் வெளிர்நிற நிழல் படிகிறது. நடு நிலையில் வைத்தால் 165 ஹெர்ட்ஸில் படம் மிகத் தெளிவாக இருக்கிறது. ஆனால் கனமான விளையாட்டில், கணினி படங்களை அனுப்பும் வேகத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் அடாப்டிவ் சிங்க் 60 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும்போது அதே நிழல் திரும்பிவிடுவதால், இன்னும் ஒரு நிலை குறைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விளையாட்டுக்கு விளையாட்டு அந்தப் பொத்தான்களைத் தேடியே ஆக வேண்டும்.

கேபிள் வழியாகக் கணினியே மானிட்டரின் அமைப்புகளை மாற்ற உதவும் டிடிசி/சிஐ என்ற வசதி எனக்குப் பெரிய ஆறுதல். விண்டோஸில் ட்விங்கிள் ட்ரே, லினக்ஸில் டிடிசியூட்டில் போன்ற இலவச மென்பொருள்கள் வழியாக, பொத்தானைத் தொடாமலே கணினியிலிருந்து வெளிச்சத்தை மாற்றிவிடலாம். இவ்வளவு பயனுள்ள ஒன்றை மானிட்டரின் கையேடு ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். ஓவர்டிரைவை மட்டும் என் மானிட்டரில் அப்படி மாற்ற முடிவதில்லை. கன்சோல் என்னும் தனி விளையாட்டுக் கருவியில் விளையாடும்போது வெளிச்சத்துக்கும் அந்த வழி கிடையாது. நண்பர் வாங்க நினைப்பது கன்சோலுக்காகத்தான்.